மார்பக நீக்கத்துக்குப் பிறகு சீரமைப்பு: உடனே செய்வதா, கதிர்வீச்சு முடிந்த பிறகா, வேண்டாமா?

கேள்வி: திருச்சி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 44. திருச்சியில் தனியார் பள்ளியொன்றில் கணக்கு ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். வலது மார்பகத்தில் புற்றுநோய் இருப்பது உறுதியாகி, அக்குள் நெறிகளிலும் (நிணநீர் முடிச்சுகளிலும்) அது பரவியிருந்ததால், முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டுப் பிறகு அறுவை சிகிச்சை என்று திட்டமிட்டார்கள். கீமோ முடிந்துவிட்டது. கட்டி நன்றாகவே சுருங்கியிருக்கிறது. ஆனால் ஒன்றுக்கொன்று தள்ளியிருந்த இரண்டு இடங்களில் நோய் இருந்ததால், ஒரு பகுதியை மட்டும் எடுப்பது போதாது, மார்பகம் முழுவதையும் அகற்ற வேண்டும் என்கிறார் அறுவை மருத்துவர். அதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அதற்குப் பிறகு என்ன என்பதில்தான் தயக்கம். அகற்றும்போதே மார்பகத்தை மறுபடி அமைத்துக்கொள்ளலாம், சிலிக்கான் இம்ப்ளான்ட் (மார்பக வடிவச் செயற்கைப் பை) வைக்கலாம், முதுகுத் தசையையோ வயிற்றுச் சதையையோ எடுத்தும் செய்யலாம், வேண்டாமென்றால் அப்படியே தையல் போட்டுவிடலாம் என்று ஒரே மூச்சில் சொல்லி, அடுத்த வாரம் வரும்போது முடிவோடு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கதிர்வீச்சும் தேவைப்படலாமாம். அது இந்த முடிவை எப்படிப் பாதிக்கும் என்று யாரும் விளக்கவில்லை.

என் இரண்டு குழந்தைகளும் சிசேரியனில் பிறந்தவர்கள். இரண்டாவது பிரசவத்தின்போதே குடும்பக் கட்டுப்பாடும் செய்துகொண்டேன். சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துவருகிறேன். இப்படிப்பட்ட வயிற்றிலிருந்து திசு எடுக்க முடியுமா? நாள் முழுவதும் கையைத் தூக்கிக் கரும்பலகையில் எழுதுகிற எனக்கு முதுகுத் தசையை எடுத்தால் வலது தோள் என்னவாகும்? புதிதாக அமைத்த மார்பகத்துக்குள் நோய் திரும்பினால் தெரியாமல் போய்விடாதா? காப்பீட்டு நிறுவனம் இதை அழகு சிகிச்சை என்று தள்ளிவிடுமா?

வீட்டில், 'உயிர் பிழைத்தால் போதும், இந்த வயதில் அதெல்லாம் எதற்கு' என்கிறார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனாலும் இந்த உடம்போடு வாழப்போகிறவள் நான் என்பதால், விவரம் தெரிந்து முடிவெடுக்க விரும்புகிறேன். எந்தச் சீரமைப்பும் செய்துகொள்ளாதவர்களும் தயவுசெய்து எழுதுங்கள்.

மறுமொழி 1: கோவை வாசகி

அன்புத் தங்கைக்கு வணக்கம். எனக்கும் அக்குள் நெறிகளில் பரவியிருந்தது. முதலில் மார்பகத்தை அகற்றினார்கள். கதிர்வீச்சு முடிந்து ஏறத்தாழ ஓராண்டு கழித்து, வயிற்றுத் திசுவைக் கொண்டு சீரமைப்புச் செய்துகொண்டேன். டயெப் ஃபிளாப் என்று அதற்குப் பெயர். தொப்புளுக்குக் கீழே உள்ள தோலையும் கொழுப்பையும் அவற்றுக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களோடு சேர்த்து எடுத்து, மார்பில் வைத்து, மார்பெலும்பின் ஓரமாக ஓடும் இரத்தக் குழாயோடு மைக்ராஸ்கோப்பின் கீழ் இணைத்துத் தைக்கிறார்கள். தசையை வெட்டி எடுப்பதில்லை என்பதால் வயிறு பலவீனமாவது குறைவு. எனக்கும் சிசேரியன் தழும்பு உண்டு. அறுவைக்கு முன் வயிற்றுக்கு சி.டி. ஆஞ்சியோ எடுத்து, எந்தக் குழாய் வலுவாக இருக்கிறது என்று பார்த்து, தோலின் மேல் பேனாவால் குறித்துக்கொண்ட பிறகே தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள்.

அறுவை காலையில் தொடங்கி மாலையில்தான் முடிந்தது. முதல் இரண்டு நாட்கள் மணிக்கு ஒரு தரம் செவிலியர் வந்து, பேனா போன்ற ஒரு டாப்ளர் கருவியைப் புதிய மார்பகத்தின் மேல் வைத்துக் கேட்பார். 'உஸ், உஸ்' என்று சீரான ஓசை வந்தால் இரத்தம் ஓடுகிறது என்று பொருள். இரவிலும் விளக்கைப் போட்டு நிறத்தையும் சூட்டையும் பார்ப்பார்கள். அந்த நாட்களில் தூக்கத்தை எதிர்பார்க்காதீர்கள். வயிறு இழுத்துத் தைக்கப்பட்டிருப்பதால் தொடக்கத்தில் நிமிர்ந்து நடக்க முடியாது, இடுப்பை வளைத்தே நடக்க வேண்டும். மார்பிலும் வயிற்றிலும் டிரெயின் குழாய்கள் இருக்கும். அவற்றின் முனையில் உள்ள குப்பியில் எத்தனை மில்லி சேர்கிறது என்று வீட்டுக்கு வந்த பிறகும் தினமும் எழுதிவைக்க வேண்டும். முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்வான நைட்டிகளை முன்னதாகவே தைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரங்களுக்குத் தண்ணீர்க் குடத்தையோ மாவு நிறைந்த கிரைண்டர் பாத்திரத்தையோ தூக்கக் கூடாது. அதற்கு வீட்டில் யார் என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அது என் சொந்தத் திசு என்பதால் மென்மையாக இருக்கிறது, எடை கூடினால் அதுவும் கூடுகிறது, பிராவுக்குள் எதையும் வைக்காமல் ஜாக்கெட் அணிய முடிகிறது. ஆனால் உணர்ச்சி பெரும்பாலும் இல்லை. இதை எல்லோரும் மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அன்றாட வாழ்வில் இது முக்கியம். வெந்நீர்ப் பையை அங்கே வைத்தால் தோல் வெந்துபோவதுகூடத் தெரியாது. காம்பைப் பல மாதங்களுக்குப் பிறகு அங்குள்ள தோலைக் கொண்டே சிறு அறுவையில் அமைத்தார்கள், சுற்றியுள்ள கருவட்டத்தைப் பச்சை குத்தினார்கள். மறுபடியும் இதே தேர்வு முன்னால் வந்தால் இதையே செய்துகொள்வேன். உங்களுக்கும் கதிர்வீச்சு முடியும்வரை காத்திருக்கவே சொல்வேன்.

மறுமொழி 2: பிளாஸ்டிக் அறுவை மருத்துவர், சென்னை

உங்கள் அறிக்கைகளைப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள். எந்த முறை என்று உங்களைக் கேட்பதற்கு முன்னால், கதிர்வீச்சு உண்டா இல்லையா என்பதை உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். கீமோவுக்கு முன்பே நெறிகளில் நோய் இருந்தது என்கிறீர்கள். அப்படியானால் கதிர்வீச்சுக்கான வாய்ப்பு மிக அதிகம். ஆகவே அறுவைக்கு நாள் குறிக்கும் முன் கதிர்வீச்சு மருத்துவரை நேரில் பாருங்கள். அவரும் உங்கள் அறுவை மருத்துவரும் சீரமைப்பு மருத்துவரும் சேர்ந்து பேசிய பிறகு எடுக்கும் முடிவுதான் உங்களுக்குப் பயன்படும்.

காரணத்தைச் சொல்கிறேன். இம்ப்ளான்ட் வைத்தால் உடல் அதைச் சுற்றி மெல்லிய உறை ஒன்றை உருவாக்கும். எல்லோருக்கும் அது நடப்பதுதான். கதிர்வீச்சுப் பட்ட மார்பில் அந்த உறை தடித்து, இறுகி, மார்பகத்தைக் கல்போலக் கடினமாக்கி, மேல்நோக்கி இழுத்துவிடுவது அதிகம். தொற்று ஏற்படுவதும் இம்ப்ளான்டை எடுக்க நேர்வதும் கூட அதிகம். உடலின் வேறிடத்திலிருந்து எடுத்த திசு மடலை (ஃபிளாப்) அமைத்துவிட்டு அதன் மேல் கதிர்வீச்சுக் கொடுத்தால், அதுவும் ஓரளவு சுருங்கி இறுகலாம். மாறாக, கதிர்வீச்சு முடிந்து குறைந்தது ஆறு மாதங்களாவது கழித்து, கதிர் படாத இடத்திலிருந்து நல்ல இரத்த ஓட்டமுள்ள திசுவைக் கொண்டுவந்தால் பலன் பொதுவாக நிலையாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு: மார்பகத்தை அகற்றும்போது தோலைக் காப்பாற்றி உள்ளே எக்ஸ்பேண்டர் என்னும் பையை வைத்து, ஊசி வழியே சிறிது சிறிதாகச் சலைன் ஏற்றி இடத்தைப் பிடித்து வைத்திருந்து, கதிர்வீச்சு முடிந்தபின் அதை எடுத்துவிட்டுத் திசு மடலை வைப்பது. பல எக்ஸ்பேண்டர்களின் ஊசித் துளையில் காந்தம் இருப்பதால், அது உள்ளே இருக்கும் காலத்தில் யாராவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் முதலில் அதைத் தெரிவிக்க வேண்டும்.

உடனடிச் சீரமைப்புக்கு ஒரு பெரிய நன்மை இருக்கிறது. மார்பகத்தின் தோல் மடிப்புகள் அப்படியே காப்பாற்றப்படுகின்றன. மயக்கம் தெளிந்து பார்க்கும்போது வெறுமையாக இருப்பதில்லை. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் சர்க்கரை உள்ள உங்களுக்குக் காயம் ஆறாமல் இழுத்து, அதனால் கதிர்வீச்சு தள்ளிப்போய்விடக் கூடாது என்பதே என் முதல் கவலை. புற்றுநோய்ச் சிகிச்சையின் கால ஒழுங்கைச் சீரமைப்புக்காகக் குலைக்கக் கூடாது.

இம்ப்ளான்டை மட்டும் பற்றிக் கேட்பவர்களுக்காகச் சில வரிகள். முதல் சிலிக்கான் இம்ப்ளான்ட் 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் வைக்கப்பட்டது. பாதுகாப்புக் குறித்த ஐயங்களால் 1992-இல் அந்நாட்டில் அதன் பயன்பாடு கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டு, 2006-இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. சொரசொரப்பான மேற்பரப்பு உள்ள சில வகைகளைச் சுற்றி அரிதாக ஒரு நிணநீர்ப் புற்றுநோய் வருவது தெரியவந்து, 2019-இல் ஒரு நிறுவனத்தின் அத்தகைய இம்ப்ளான்டுகள் திரும்பப் பெறப்பட்டன. எனவே மேற்பரப்பு எந்த வகை என்று கேளுங்கள், உடன் தரப்படும் அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். இது ஆயுளுக்கும் இருக்கும் பொருள் அன்று. அமைதியாகக் கிழிந்தாலும் வெளியே தெரியாது என்பதால், ஐந்து ஆறு ஆண்டுகளில் ஒரு முறையும் பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையும் ஸ்கேன் செய்து பார்க்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பரிந்துரைக்கிறது.

உங்கள் வயிற்றைப் பொறுத்தவரை, சிசேரியன் தழும்பு கீழே குறுக்காக இருந்தால் பொதுவாகத் தடையில்லை. தொப்புளிலிருந்து நெடுக்காக இறங்கும் தழும்பானால், ஒரு பக்கத்து இரத்தம் மறுபக்கத்துக்குப் போகாது. பாதித் திசுவே பயன்படக்கூடும். ஆஞ்சியோ அதைக் காட்டிவிடும். முன்பு, 1980-களில் பரவிய டிராம் என்ற முறையில் வயிற்றுத் தசையையே எடுத்ததால் குடலிறக்கமும் வயிற்றுத் தளர்ச்சியும் சிலருக்கு வந்தன. உங்களுக்குச் சொல்லப்படுவது டிராமா டயெப்பா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதுகுத் தசை முறை பழமையானது. இத்தாலிய மருத்துவர் டான்சினி 1906-இலேயே அதைக் கையாண்டார். தசையை அதன் இரத்தக் குழாயிலிருந்து பிரிக்காமல் அக்குள் வழியாக முன்பக்கம் திருப்புவதால் மைக்ராஸ்கோப் வேலை தேவையில்லை, நம்பகமானதும்கூட. முதுகில் நீர் கோத்துக்கொள்வது அடிக்கடி நேரும், ஊசியால் எடுத்துவிடலாம். பெரிய மார்பகத்துக்குத் திசு போதாமல், அடியில் இம்ப்ளான்டும் வைக்க நேரலாம். தோளில் சிறிது வலுக் குறையும். பிசியோதெரபியை ஒழுங்காகச் செய்தவர்கள் பெரும்பாலும் அன்றாட வேலைகளுக்குத் திரும்பிவிடுகிறார்கள், கரும்பலகையில் எழுதுவதும் அதில் அடங்கும். ஆனால் அக்குள் நெறிகளை எடுத்து, கதிர்வீச்சும் கொடுத்த தோளில் ஏற்கெனவே இறுக்கம் இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

நோய் திரும்பும் வாய்ப்பைச் சீரமைப்பு கூட்டுவதில்லை. திரும்பினாலும் பெரும்பாலும் தோலிலோ தோலுக்கு அடியிலோ கைக்குத் தட்டுப்படும்படி வருகிறது. இடது மார்பகத்துக்கு ஆண்டுதோறும் மேமோகிராம் தொடர வேண்டும்.

எந்த மருத்துவமனை என்று கேட்பவர்களிடம் நான் ஒன்றைத்தான் சொல்வேன். டயெப் செய்த முதல் இரண்டு நாட்களில் இணைத்த குழாயில் இரத்தம் உறைந்தால், சில மணி நேரத்துக்குள் திரும்பத் தியேட்டருக்குப் போனால்தான் திசுவைக் காப்பாற்ற முடியும். எனவே நள்ளிரவில் அதைச் செய்ய அங்கே குழு இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

மறுமொழி 3: நாகர்கோவில் வாசகி

சீரமைப்புச் செய்துகொள்ளாதவர்களும் எழுத வேண்டும் என்று கேட்டதற்கு நன்றி, சகோதரி. எங்களைப் பற்றிப் பேசும்போது, பணம் இல்லாததால் அல்லது பயத்தால் விட்டுவிட்டார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். எனக்குப் பணமும் இருந்தது, கணவரும் துணையாக இருந்தார். கீமோவும் கதிர்வீச்சும் முடிந்தபோது இன்னொரு பெரிய அறுவைக்கு என் மனம் இடம் கொடுக்கவில்லை. வயிற்றில் இன்னொரு நீண்ட தழும்பு எனக்கு வேண்டாம் என்று தெளிவாகவே முடிவெடுத்தேன், இன்றும் அதே எண்ணத்தில்தான் இருக்கிறேன்.

வெளியே போகும்போது சிலிக்கான் செயற்கை மார்பகத்தைப் பிராவுக்குள் உள்ள பையில் வைத்துக்கொள்கிறேன். பஞ்சோ துணியோ வைத்தால் எடை இல்லாமல் மேலே ஏறிவிடும். ஒரு பக்கம் கனமும் மறுபக்கம் கனமின்மையுமாக இருந்தால் கழுத்தும் முதுகும் வலிக்கும். மறுபக்கத்துக்கு ஈடான எடை உள்ளதாகப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். எங்கள் ஊர்த் தையற்காரப் பெண்மணியே சாதாரணப் பருத்திப் பிராவின் உட்புறம் பை தைத்துத் தருகிறார். ஜாக்கெட்டின் கைக்குழியைச் சற்று உயர்த்தித் தைத்தால் தழும்பின் ஓரம் தெரியாது. சித்திரை வெயிலில் சிலிக்கானுக்கு அடியில் வியர்த்துக் கொட்டும் என்பது உண்மை. வீட்டில் நூலால் பின்னிய இலேசான ஒன்றையே வைத்துக்கொள்கிறேன், பல நாட்கள் அதுவும் இல்லை.

சீரமைப்பு வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தால், அதையும் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால், பிறகு மனம் மாறலாம் என்று கருதி அவர்கள் தோலைச் சற்று மிகுதியாக விட்டுவிடக்கூடும். அக்குள் ஓரத்தில் தொங்கும் அந்த மடிப்புத்தான் கையை இறக்கும்போதெல்லாம் உரசிப் புண்ணாகும், செயற்கை மார்பகத்தையும் சரியாக உட்கார விடாது. மார்பு மட்டமாகவும் வழவழப்பாகவும் இருக்கும்படி தையல் வேண்டும் என்று கேளுங்கள். அதற்கென்று முறை இருக்கிறது.

மறுமொழி 4: காப்பீட்டுத் துறையில் பணியாற்றுபவர், மதுரை

காப்பீட்டுக் கேள்விக்கு மட்டும் பதில் தருகிறேன், அம்மா. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த பொதுவான விலக்குகளின் பட்டியலில் அழகு மற்றும் பிளாஸ்டிக் அறுவைக்கான செலவு 08 என்ற எண்ணில் இருக்கிறது. ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்பு அந்த விலக்கில் சேராது என்று அதே வரியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் பாலிசிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முன் அனுமதிக் கடிதத்தில் மருத்துவர், 'புற்றுநோய்க்கான மார்பக நீக்கத்துக்குப் பிந்தைய சீரமைப்பு' என்றே எழுதட்டும். வெறுமனே பிளாஸ்டிக் சர்ஜரி என்று இருந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். பிற்பாடு செய்யும் காம்பு அமைப்பு, வடிவம் ஒத்துவர இடது மார்பகத்தில் செய்யும் அறுவை ஆகியவற்றைப் பற்றி நிறுவனத்திடம் தனியாக மின்னஞ்சலில் கேட்டு எழுத்துப்பூர்வமான பதிலை வாங்குங்கள். சீரமைப்பு அடுத்த ஆண்டுக்குப் போகுமானால், இடையில் பாலிசியைப் புதுப்பிக்கத் தவறிவிடாதீர்கள்.

கேட்டவர் மீண்டும்: திருச்சி ஆசிரியை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கதிர்வீச்சு மருத்துவரைப் பார்த்துவிட்டேன். எனக்குக் கதிர்வீச்சு உறுதி என்று சொல்லிவிட்டார். ஆகவே இப்போது மார்பகத்தை மட்டும் அகற்றிக்கொண்டு, சிகிச்சையெல்லாம் முடிந்தபின் வயிற்றுத் திசுவைக் கொண்டு செய்வதைப் பற்றி முடிவெடுக்கலாம் என்று எண்ணுகிறேன். என் தழும்பு குறுக்குத் தழும்புதான். மறுமொழிகளை வீட்டில் வாசித்துக் காட்டினேன். நாகர்கோவில் சகோதரி எழுதியதைக் கேட்ட பிறகு என் மாமியாரே, 'அவள் என்ன முடிவெடுக்கிறாளோ அதுவே இருக்கட்டும்' என்றார். ஒரே ஓர் ஐயம் மீதி இருக்கிறது. பிற்பாடு செய்துகொள்ளும் எண்ணம் இருப்பவர்கள் இப்போது அறுவை மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும்? மிகுதித் தோலை விடச் சொல்ல வேண்டுமா, மட்டமாகத் தைக்கச் சொல்ல வேண்டுமா?

மறுமொழி 5: பிளாஸ்டிக் அறுவை மருத்துவர், சென்னை

மட்டமாகவே தைக்கச் சொல்லுங்கள். வயிற்றிலிருந்து வரும் திசு தன் தோலையும் கொண்டே வரும் என்பதால், மிகுதித் தோலை இப்போது விட்டுவைப்பதில் உங்களுக்குப் பயனில்லை. மடிந்து கிடக்கும் தோலில் கதிர்வீச்சின்போது புண் உண்டாவதுதான் மிஞ்சும். தழும்பு குறுக்காகவும், கழுத்துப் பக்கம் ஏறாமலும் இருக்கட்டும். மார்பகத்தின் கீழ் மடிப்பை, நோயை முழுதாக அகற்றுவதற்குத் தடையில்லாத பட்சத்தில், கலைக்காமல் விட முடியுமா என்று கேளுங்கள். பிறகு அமைப்பவருக்கு அது பெரிய உதவி. அறுவைக்கு முன் இரண்டு மார்பகங்களையும் முன்பக்கமும் பக்கவாட்டிலும் படம் எடுத்துக் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள்.

இடைப்பட்ட மாதங்களில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். தோள் பயிற்சியை மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்தே தொடங்கிவிடுங்கள். ஹார்மோன் சிகிச்சையாக உங்களுக்கு டமாக்சிஃபென் கொடுக்கப்பட்டால், அது இரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும் என்பதால், டயெப் அறுவைக்குச் சில வாரங்கள் முன்னதாக நிறுத்தச் சொல்வது வழக்கம். அதை நீங்களாக நிறுத்தாமல், புற்றுநோய் மருத்துவரும் சீரமைப்பு மருத்துவரும் பேசித் தேதி குறிக்கட்டும்.